மிடில் ஸ்கூல் எப்படி? பெற்றோர் சொல்வதும் பிள்ளைகள் சொல்வதும்

அமெரிக்காவில் வேலை மாறி வேறு ஊருக்குப் போகும் தமிழ்க் குடும்பங்கள், வீட்டுக்குள் நுழைந்து சமையலறையைப் பார்ப்பதற்கு முன்பே அந்த முகவரிக்கு எந்தப் பள்ளி என்று பார்த்துவிடுவார்கள். அங்கே அரசுப் பள்ளி பெரும்பாலும் முகவரியோடு சேர்ந்து வருவது. வீட்டைத் தேர்ந்தெடுத்தால் பள்ளியையும் தேர்ந்தெடுத்ததாக ஆகிவிடுகிறது. ஏற்கெனவே அங்கே இருப்பவர்களிடம் விசாரித்தால் கிடைக்கும் பதில் ஊருக்கு ஊர் அதிகம் மாறுவதில்லை: தொடக்கப் பள்ளி அருமை, ஹைஸ்கூல் நன்றாக இருக்கும், இரண்டுக்கும் நடுவில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள மிடில் ஸ்கூலைப் பற்றித்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஓர் ஊரில் மட்டும் இப்படிச் சொன்னால் அந்தப் பள்ளியில் ஏதோ கோளாறு என்று எடுத்துக்கொள்ளலாம். போகிற ஊரிலெல்லாம் இதே பேச்சு என்றால், காரணத்தைத் தனித்தனிப் பள்ளிகளில் தேடிப் பயனில்லை. மிடில் ஸ்கூலைப் பற்றிப் பெற்றோரும் பிள்ளைகளும் சொல்லும் கருத்துகளில் பெரும்பகுதி அந்த வயதைப் பற்றியது, பள்ளி அமைப்பைப் பற்றியது, அக்கம்பக்கத்து வருமானத்தைப் பற்றியது. அவற்றைக் கழித்த பிறகு மிஞ்சுவதில் பள்ளியைப் பற்றிய நல்ல தகவல் இருக்கிறது. கழிக்கத் தெரியாமல் படிப்பவர்களுக்குத்தான் சிக்கல்.

மூன்று வருடக் கட்டடம்

ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளுக்கென்று தனிக் கட்டடம், தனி முதல்வர், தனிக் கால அட்டவணை. வயது பதினொன்றிலிருந்து பதினான்கு. நெடுங்காலமாக இப்படித்தான் இருந்துவருகிறது என்று தோன்றும், அப்படியில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்டு வருடத் தொடக்கப் பள்ளி, அதன் பிறகு நான்கு வருட உயர்நிலைப் பள்ளி என்பதே வழக்கம். 1909-இல் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் இந்தியனோலா ஜூனியர் ஹைஸ்கூல் தொடங்கப்பட்டது. அடுத்த வருடமே கலிஃபோர்னியாவின் பெர்க்லியிலும் இதே முயற்சி நடந்தது. பெயருக்கேற்றபடி அவை உயர்நிலைப் பள்ளியின் சின்னப் பதிப்பாகவே நடந்தன. 1963-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பேசிய கல்வியாளர் வில்லியம் அலெக்ஸாண்டர், இந்த வயதுக்கு அந்த நகல் ஒத்துவராது, இதற்கென்றே யோசித்து அமைத்த பள்ளி வேண்டும் என்றார். அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் மிடில் ஸ்கூல் நாடெங்கும் பரவியது.

பரவியதற்கு அவருடைய யோசனை மட்டுமே காரணம் என்றால் அது பாதி உண்மைதான். தொடக்கப் பள்ளிகளில் இடநெருக்கடி இருந்தது. இன அடிப்படையில் பிரிந்துகிடந்த பள்ளிகளை ஒன்றாக்க வேண்டிய கட்டாயமும் வந்தது. ஆறாம் வகுப்பை மேலே தள்ளி, ஒன்பதாம் வகுப்பை ஹைஸ்கூலுக்கு அனுப்பினால் இரண்டுக்கும் வழி பிறந்தது. பல ஊர்களில் கட்டடக் கணக்கு முன்னால் போக, கல்விக் கொள்கை பின்னால் வந்தது.

அந்தக் கட்டடத்துக்குள் ஆறாம் வகுப்புப் பிள்ளை நுழையும் முதல் வாரத்தைப் பார்க்கலாம். ஐந்தாம் வகுப்பு வரை ஒரே அறை, பெரும்பாலும் ஒரே ஆசிரியை. அவருக்கு இவன் பெயர், இவன் தம்பி பெயர், எப்போது கண் கலங்குவான் என்பது உட்பட எல்லாம் தெரியும். இப்போது பாடத்துக்கு ஓர் ஆசிரியர், ஆசிரியருக்கு நூறு பிள்ளைகளுக்கு மேல். ஒரு பீரியட் முடிந்து மணி அடித்தால் அடுத்த வகுப்புக்குப் போக நான்கைந்து நிமிடம்தான். அதற்குள் லாக்கரைத் திறந்து புத்தகத்தை மாற்ற வேண்டும். எண் பூட்டை வலப்பக்கம் சுழற்றி முதல் எண்ணில் நிறுத்த வேண்டும்; இடப்பக்கம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி இரண்டாவது எண்ணுக்கு வர வேண்டும்; மறுபடி வலப்பக்கம் மூன்றாவது எண். ஒரு கோடு தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பின்னால் தன்னைவிட ஓர் அடி உயரமான எட்டாம் வகுப்புப் பையன்கள் இடித்துக்கொண்டு போகிறார்கள். மிடில் ஸ்கூலுக்குப் போகப்போகும் பிள்ளைகளிடம் எதற்குப் பயம் என்று கேட்டால் பூட்டு திறக்காமல் போவது, வழி தவறுவது, வகுப்புக்குத் தாமதமாவது ஆகியவைதான் முன்னால் வரும். அதே கேள்விக்குப் பெற்றோர் தரும் பட்டியலில் கணிதம், மதிப்பெண், சேர்க்கை சரியில்லாத நண்பர்கள் என்று இருக்கும். ஒரே பள்ளியைப் பற்றிய இரண்டு பட்டியல்களில் பொதுவானது எதுவுமே இல்லாமல்கூடப் போகலாம்.

மிச்சிகன் பல்கலைக்கழக உளவியலாளர் ஜாக்கலின் எக்கிள்ஸும் கரோல் மிட்ஜ்லியும் 1980-களின் இறுதியிலிருந்து இதை விளக்கிவந்தார்கள். சொந்தமாக முடிவெடுக்கப் பிள்ளை ஏங்கத் தொடங்கும் வயதில் பள்ளி கட்டுப்பாட்டைக் கூட்டுகிறது. வீட்டுக்கு வெளியே நம்பகமான பெரியவர் ஒருவர் தேவைப்படும் நேரத்தில் ஆசிரியர்களை ஏழாகப் பிரித்து, யாரோடும் நெருங்க முடியாதபடி செய்கிறது. மற்றவர்கள் தன்னைப் பார்க்கிறார்கள் என்ற கூச்சம் உச்சத்தில் இருக்கும்போது தரவரிசையையும் ஒப்பீட்டையும் அதிகமாக்குகிறது. ஆர்வம் குறைவதற்குப் பருவ வயது மட்டும் காரணமில்லை, வயதுக்கும் இடத்துக்கும் பொருத்தமில்லாததும் காரணம் என்பது அவர்கள் வாதம். 1989-இல் கார்னெகி அமைப்பின் குழு ஒன்று வெளியிட்ட அறிக்கையும் இதையொட்டியே பேசியது: பெரிய பள்ளியைச் சிறு குழுக்களாகப் பிரியுங்கள், ஒவ்வொரு பிள்ளையையும் நன்றாகத் தெரிந்த பெரியவர் ஒருவராவது பள்ளியில் இருக்கட்டும் என்றது. இன்று பல பள்ளிகளில் ஒரே நூறு பிள்ளைகளை நான்கு ஆசிரியர்கள் குழுவாகப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இருப்பதற்கு வேர் அங்கேதான். சில பள்ளிகளில் அது காகிதத்தில் மட்டும் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்கப் பிள்ளைகளைத்தான் கேட்க வேண்டும்.

பெற்றோரின் முணுமுணுப்பு வெறும் மனப்பிரமை இல்லை என்பதற்கும் சான்று உண்டு. நியூயார்க் நகரில் சில பிள்ளைகள் தொடக்கப் பள்ளியிலிருந்து எட்டாம் வகுப்புவரை ஒரே பள்ளியில் படிக்கிறார்கள். சிலர் ஆறிலோ ஏழிலோ மிடில் ஸ்கூலுக்கு மாறுகிறார்கள். ஜோனா ராக்காஃப், பெஞ்சமின் லாக்வுட் என்ற கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் இந்த இரு தரப்பையும் ஒப்பிட்டார்கள். மாறும் வருடத்திலேயே மதிப்பெண் சரிகிறது, எட்டாம் வகுப்புவரை அந்த இடைவெளி மூடவில்லை. நகரத்தின் கருத்துக்கணிப்பில் கல்வித் தரத்துக்கும் பாதுகாப்புக்கும் பெற்றோர் தந்த மதிப்பும் மிடில் ஸ்கூல்களில் குறைவாகவே இருந்தது. ஃப்ளோரிடாவை ஆராய்ந்த குய்டோ ஷ்வெர்ட், மார்ட்டின் வெஸ்ட் இருவரும் அங்கேயும் இதே சரிவைக் கண்டார்கள். ஆக, மிடில் ஸ்கூல் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது என்ற ஊர்ப்பேச்சில் விஷயம் இருக்கிறது. ஆனால் அது மிடில் ஸ்கூல் என்ற ஏற்பாட்டின் மீதான தீர்ப்பு. நீங்கள் பார்த்துவைத்த வீட்டுக்கு எதிரில் உள்ள பள்ளி மற்ற மிடில் ஸ்கூல்களைவிட மேலா கீழா என்பதற்கு அதில் பதில் கிடையாது.

பெற்றோர் எதைப் பார்க்கிறார்கள்

பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போனதும் பெற்றோருக்குப் பள்ளி சட்டென்று தூரமாகிவிடுகிறது. தொடக்கப் பள்ளியில் வகுப்பறை வாசல்வரை போயிருப்பார்கள். இப்போது மகளே காரைத் தெருமுனையில் நிறுத்தச் சொல்கிறாள். மிஞ்சுவது அலுவலக முன்மேசை, மின்னஞ்சலுக்கு வரும் பதில், ஆசிரியரோடு வருடத்தில் ஓரிரு முறை சில நிமிடச் சந்திப்பு, இரவு பதினோரு மணிக்கும் திறந்து பார்க்கும் மதிப்பெண் இணையப் பக்கம். வகுப்பில் என்ன நடக்கிறது என்பதைப் பெற்றோர் நேரில் பார்ப்பதே இல்லை.

இதனால் பெற்றோர் கருத்து சில விஷயங்களில் மிகத் துல்லியமாக இருக்கும். புகார் சொன்னால் பள்ளி எத்தனை நாளில் திரும்பக் கூப்பிடுகிறது, சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைக்கு எழுதிக்கொடுத்த திட்டத்தை நடைமுறைப்படுத்துகிறார்களா, ஆங்கிலம் தடுமாறும் தாயிடம் அலுவலகத்தில் எந்தத் தொனியில் பேசுகிறார்கள் என்பதையெல்லாம் பெற்றோரைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. ஒரே பள்ளியைப் பற்றி வெவ்வேறு வருடங்களில், ஒருவரையொருவர் அறியாத பலர், மிரட்டல் புகாருக்குப் பதிலே வரவில்லை என்று எழுதியிருந்தால் நான் அதை நம்புவேன். பாடம் நடத்தும் தரத்தைப் பற்றி அவர்கள் எழுதியிருப்பதை அந்த அளவுக்கு நம்பமாட்டேன்.

ஏன் என்றால், பாடத்தின் தரத்தை அவர்கள் மதிப்பெண் அட்டையை வைத்துத்தான் ஊகிக்கிறார்கள். அமெரிக்காவில் பெற்றோரிடையே நடந்த கருத்துக்கணிப்புகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் தம் பிள்ளை வகுப்புக்குரிய நிலையிலோ அதற்கு மேலோ இருப்பதாகச் சொல்கிறார்கள். நாடு தழுவிய மதிப்பீட்டுத் தேர்வில் 2022-இல் எட்டாம் வகுப்புக் கணிதத்தில் தேர்ச்சி என்று வரையறுத்த நிலையை எட்டியவர்கள் 26 சதவீதம். அந்தத் தேர்ச்சி வகுப்பு நிலையைவிடக் கடினமான வரம்பு என்பதால் இரண்டையும் நேரடியாகக் கழித்துப் பார்க்கக் கூடாது. அப்படியிருந்தும் இடைவெளி பெரிது. வீட்டுக்கு ஏ, பி என்று அட்டை வந்துகொண்டிருக்கும் வரை பெற்றோர் திருப்தியாக இருக்கிறார்கள்.

இன்னொன்று, நம் பள்ளி என்ற பாசம். ஃபை டெல்டா கப்பா என்ற கல்வியாளர் அமைப்பு 1969 முதல் பள்ளிகளைப் பற்றிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டுவருகிறது. நெடுங்காலம் கேலப் நிறுவனத்தோடு சேர்ந்து நடத்தியது. தம் பிள்ளை படிக்கும் பள்ளிக்கு ஏ அல்லது பி கொடுப்பவர்கள் பொதுவாகப் பத்தில் ஏழு பேர். நாட்டின் அரசுப் பள்ளிகள் அனைத்தையும் சேர்த்து மதிப்பிடச் சொன்னால் அதே தரத்தைக் கொடுப்பவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். பள்ளி விஷயத்தில் நிற்கிற கரைதான் எல்லோருக்கும் பச்சை.

எழுத்தில் கருத்துச் சொல்பவர்கள் யார் என்பதும் முக்கியம். நபீல் கிலானியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பள்ளிகளைப் பற்றிப் பெற்றோர் இணையத்தில் எழுதிய ஏறத்தாழ ஐந்து லட்சம் கருத்துகளை அலசினார்கள். நகரத்துப் பள்ளிகளுக்கும் வசதியான குடும்பங்கள் உள்ள பள்ளிகளுக்கும்தான் அதிகக் கருத்துகள் வந்திருந்தன. அவற்றின் சொற்கள் பள்ளியின் சராசரி மதிப்பெண்ணோடும், அங்கே படிப்பவர்களின் இனம், வருமானம் ஆகியவற்றோடும் ஒட்டி நின்றன. பிள்ளைகள் அந்தப் பள்ளியில் இருந்த காலத்தில் எவ்வளவு முன்னேறினார்கள் என்ற கணக்கோடு அவற்றுக்கு அவ்வளவு தொடர்பில்லை.

இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் மொத்த விஷயமும் அடங்கியிருக்கிறது. ஆறாம் வகுப்பில் நுழையும்போதே நாட்டுச் சராசரிக்கு இரண்டு வருடம் முன்னால் நிற்கும் பிள்ளைகள், எட்டாம் வகுப்பு முடித்து வெளியேறும்போதும் அதே இரண்டு வருடம் முன்னால் இருந்தால் அந்தப் பள்ளி தன் வேலையைச் சாதாரணமாகச் செய்திருக்கிறது. இரண்டு வருடம் பின்தங்கி வந்தவர்கள் ஒரு வருடம் மட்டும் பின்தங்கியவர்களாக வெளியேறினால், மூன்று வருடத்தில் நான்கு வருடப் பாடத்தை அந்தப் பள்ளி சொல்லிக்கொடுத்திருக்கிறது. இணையத்தில் பள்ளிகளுக்குப் பத்துக்கு எத்தனை என்று கொடுக்கப்படும் மதிப்பெண்ணில் முதல் பள்ளிக்கு ஒன்பதும் இரண்டாவதுக்கு நான்கும் கிடைக்க எல்லா வாய்ப்பும் உண்டு. அந்த ஒன்பது பள்ளி உழைத்துப் பெற்றதா, பிள்ளைகளின் வீடுகள் கொடுத்தனுப்பியதா என்று பிரித்துப் பார்க்க யாரும் மெனக்கெடுவதில்லை. நியூயார்க் ஹைஸ்கூல்களுக்குப் பெற்றோரும் பிள்ளைகளும் கொடுத்த விருப்பப் பட்டியல்களை வைத்து 2020-இல் வெளியான பொருளியல் ஆய்வும் இதைத்தான் காட்டியது: குடும்பங்கள் தேடிப் போவது நன்றாகப் படிக்கும் சக மாணவர்களை, நன்றாகப் பாடம் நடத்தும் பள்ளிக்கென்று தனியாக அவர்கள் மதிப்புக் கொடுப்பதாகத் தெரியவில்லை. தமிழ்ப் பெற்றோர் மட்டும் இதற்கு விதிவிலக்கு என்று நினைக்க எனக்கு ஆசைதான்.

நம்மவர்கள் தனியாக ஓர் அளவுகோலும் வைத்திருக்கிறோம். வீட்டுப்பாடம் குறைவாக இருந்தால் பள்ளி சரியில்லை; கணிதத்தில் பிள்ளை ஒரு வகுப்பு மேலே போகவில்லை என்றால் பள்ளி நிச்சயமாகச் சரியில்லை. கணிதத்தில் இந்தப் பதற்றம் நம்மோடு நிற்பதில்லை. எட்டாம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா முடித்தால்தான் பன்னிரண்டாம் வகுப்பில் கால்குலஸ் வரை இடைவெளி இல்லாமல் போகலாம். எனவே ஆறாம் வகுப்பில் நடக்கும் தரம்பிரிப்புத் தேர்வு பல வீடுகளில் பொதுத்தேர்வு அளவுக்குப் பெரிதாகிவிடுகிறது. சான்ஃபிரான்சிஸ்கோ நகரின் அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்பான பள்ளி மாவட்டம் 2014-இல் எல்லோருக்கும் ஒன்பதாம் வகுப்பில்தான் அல்ஜீப்ரா என்று மாற்றியது. பின்தங்கிய பிள்ளைகளை முன்கூட்டியே ஒதுக்கிவிடக் கூடாது என்பது நோக்கம். பெற்றோரின் எதிர்ப்பு பத்து வருடம் ஓயவில்லை. 2024 பிப்ரவரியில் பள்ளி வாரியம் எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவைத் திரும்பக் கொண்டுவர முடிவெடுத்தது. மார்ச் மாதம் நடந்த வாக்கெடுப்பில் வாக்காளர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் அதை ஆதரித்தார்கள். அந்தப் பத்து வருடங்களில் அந்நகரின் மிடில் ஸ்கூல்களுக்கு விழுந்த குறைந்த மதிப்பீடுகளில் எத்தனை அந்தந்தப் பள்ளிக்கு விழுந்தவை, எத்தனை மாவட்டத் தலைமையகத்துக்கு விழுந்திருக்க வேண்டியவை என்று நட்சத்திரங்களை எண்ணிச் சொல்லிவிட முடியாது.

பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்கள்

பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் பள்ளி எப்படி என்று கேட்டால் போர் என்று பதில் வரும். மதிய உணவு வரிசை நீளம், கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை, அந்த ஆசிரியர் ஓர வஞ்சனை செய்கிறார் என்று இன்னும் சில சேரும். இதையெல்லாம் பெரியவர்கள் சிரித்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். கழிப்பறையைப் பற்றிய புகாரையாவது கடந்துபோகக் கூடாது என்பேன். தாழ்வாரம், கழிப்பறை, சாப்பாட்டுக் கூடம் எல்லாம் ஆசிரியரின் கண் எட்டாத இடங்கள். மிரட்டலும் சீண்டலும் அதிகம் நடப்பதும் இப்படிப்பட்ட இடங்களில்தான். 2019-இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில் 12 முதல் 18 வயது மாணவர்களில் சுமார் 22 சதவீதம் பேர் பள்ளியில் மிரட்டலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அந்த அளவு நான்கில் ஒருவருக்கும் மேல். பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் வீட்டுக்கு ஓடிவந்து கழிப்பறைக்குள் நுழையும் பிள்ளை, தன் பள்ளியைப் பற்றி எந்த மதிப்பெண் பட்டியலிலும் இல்லாத செய்தி ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

கேள்வியைச் சரியாகக் கேட்டால் பாடத்தைப் பற்றியும் பிள்ளைகள் நன்றாகச் சொல்வார்கள் என்பது ஓரளவு நிறுவப்பட்ட விஷயம். ஹார்வர்டில் இருந்த ரொனால்ட் ஃபெர்குசன் உருவாக்கிய மாணவர் கேள்வித்தாள் ஒன்றை, கேட்ஸ் அறக்கட்டளை 2009 முதல் ஆறு பெரிய பள்ளி மாவட்டங்களில், ஏறத்தாழ மூவாயிரம் ஆசிரியர்களின் வகுப்புகளில் நடத்திய ஆய்வில் பயன்படுத்தினார்கள். உனக்கு இந்த ஆசிரியரைப் பிடிக்குமா என்ற கேள்வி அதில் கிடையாது. இந்த வகுப்பில் நேரம் வீணாகிறதா, தப்புச் செய்தால் அதைத் திருத்திக்கொள்ளக் கற்றுத்தருகிறார்களா, மாணவர்கள் ஆசிரியர் எதிர்பார்க்கும்படி நடந்துகொள்கிறார்களா என்று கண்ணால் பார்த்ததைச் சொல்லும்படி கேட்டார்கள். இந்தப் பதில்கள் நன்றாக இருந்த வகுப்புகளில் பிள்ளைகள் உண்மையிலேயே அதிகம் கற்றிருந்தார்கள். தேர்வுக்குப் பயிற்சி எடுப்பதிலேயே நேரம் போகிறதா என்ற கேள்விக்கு வந்த பதிலோடு கற்றலுக்கு இருந்த தொடர்பு இவற்றைவிட மிகக் குறைவு. மாணவர்களின் சராசரிப் பதில், பயிற்சி பெற்ற பெரியவர் ஒருவர் வகுப்பில் உட்கார்ந்து போடும் மதிப்பெண்ணைவிட நிலையாக இருந்ததும் அந்த ஆய்வில் தெரிந்தது. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மேற்பார்வையாளர் வருடத்தில் சில முறை வருகிறார். இருபத்தைந்து பிள்ளைகள் நூற்றெண்பது நாளும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நியூயார்க் நகரம் 2007 முதல் பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் ஆறாம் வகுப்பு முதல் மேலே உள்ள மாணவர்களிடமும் ஒவ்வொரு வருடமும் கருத்துக் கேட்டுப் பள்ளிவாரியாக வெளியிடுகிறது. இல்லினாய் மாநிலமும் தன் பள்ளிகளில் மாணவர், ஆசிரியர் கருத்தைக் கேட்டு வெளியிடுகிறது. அதன் கேள்விகளுக்கு அடிப்படை சிகாகோவில் ஆண்டனி ப்ரைக்கும் குழுவினரும் செய்த நீண்ட ஆராய்ச்சி. தலைமை, ஆசிரியர்களின் ஒத்துழைப்பு, பெற்றோர் உறவு, பாதுகாப்பான சூழல், பாடத்தின் கனம் ஆகிய ஐந்தில் பெரும்பாலானவற்றில் பலமாக இருந்த பள்ளிகள், பலவீனமானவற்றைவிடப் பத்து மடங்கு அதிக வாய்ப்போடு முன்னேறின என்று அவர்கள் 2010-இல் எழுதினார்கள். 2015-இல் வந்த கூட்டாட்சிக் கல்விச் சட்டம், மதிப்பெண் தவிர இன்னோர் அளவுகோலையாவது சேர்க்கும்படி மாநிலங்களைக் கட்டாயப்படுத்தியது. மாணவர் கருத்தைச் சேர்க்க நல்ல வாய்ப்பு. பெரும்பாலான மாநிலங்கள் வருகைப் பதிவைத் தேர்ந்தெடுத்துக்கொண்டன. நூற்றெண்பது நாளில் பதினெட்டு நாள் வராதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுவது எளிது, யாரும் தகராறு செய்யவும் முடியாது. அதுவும் ஒருவகைக் கருத்துக்கணிப்புதான். கொரோனாவுக்கு முன் நாடு முழுவதும் சுமார் 15 சதவீதமாக இருந்த இந்த எண்ணிக்கை 2022-இல் 28 சதவீதத்தை ஒட்டிப்போனது.

சில எண்களை மட்டும் பார்க்க வேண்டும்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது, பானை முழுக்க ஒரே அரிசி, ஒரே தீ என்பதால் செல்லும். எழுநூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் பதினான்கு பேர் எழுதிய கருத்துக்கு அந்த விதி பொருந்தாது. மிகவும் மகிழ்ந்தவர்களும் மிகவும் நொந்தவர்களும்தான் உட்கார்ந்து எழுதுகிறார்கள். ஐந்து நட்சத்திரமும் ஒரு நட்சத்திரமும் குவிந்து நடுவில் ஆளே இல்லாமல் கிடப்பது அதனால்தான். மாவட்டம் நடத்தும் முறையான கணிப்பிலும் முதலில் பார்க்க வேண்டிய வரி, எத்தனை சதவீதம் பேர் பதில் தந்தார்கள் என்பது. மாணவர்களிடம் வகுப்பிலேயே நடத்துவதால் அவர்களின் பங்கேற்பு பொதுவாக அதிகம். பெற்றோர் பகுதியில் அது மிகக் குறைவாக இருந்தால், 95 சதவீதம் பெற்றோர் திருப்தி என்ற பெரிய எழுத்து வாசகத்தை அப்படியே நம்பிவிட வேண்டியதில்லை. பதில் தராதவர்களில் இரண்டு வேலை பார்ப்பவர்களும் ஆங்கிலம் எழுதத் தயங்குபவர்களும் அதிகம். நம்மவர்களில் பலருக்கு ஆங்கிலம் தடையில்லை. வாத்தியாரைக் குறை சொல்லி எழுதுவதா என்ற கூச்சம்தான் தடை.

தேதியும் முக்கியம். தொடக்கப் பள்ளியில் ஆறு வருடம் இருக்கும் பிள்ளை மிடில் ஸ்கூலில் மூன்று வருடம்தான் இருக்கிறது. நான்கு வருடத்துக்கு முன் எழுதப்பட்ட கருத்து விவரிக்கும் பிள்ளைகளில் ஒருவர்கூட இப்போது அங்கே இல்லை. அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு முதல்வர் பள்ளியை விட்டுப் போகிறார் என்பதால், அந்தக் கருத்து திட்டிய முதல்வரும் இல்லாமல் போயிருக்கலாம். ஒரே வருடத்து எண்ணைவிட மூன்று வருடப் போக்கு நம்பகமானது. குறிப்பாகப் பார்க்க வேண்டியது, ஏதாவது பிரச்சினை என்றால் இங்கே பேசக்கூடிய பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்ற கேள்விக்கு ஆறாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் வரும் பதில்கள். எட்டாம் வகுப்பில் அது கொஞ்சம் குறைவது வழக்கம். பாதியாகச் சரிந்தால் பள்ளி பிள்ளைகளைக் கைவிட்டுக்கொண்டிருக்கிறது.

இந்தக் கணிப்புகள் பெரும்பாலும் குளிர்காலத்திலோ வசந்த காலத்திலோ நடக்கின்றன. முடிவுகள் கோடை விடுமுறையை ஒட்டியோ அதற்குப் பிறகோ வெளியாகின்றன. அதற்குள் பதில் சொன்னவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் ஹைஸ்கூலுக்குப் போயிருப்பார்கள். தாங்கள் சொன்னதற்கு என்ன ஆயிற்று என்று அவர்களுக்குத் தெரியாது. யாரும் சொல்வதும் இல்லை. எனவே புதுப் பெற்றோருக்கான அறிமுகக் கூட்டத்தில் முதல்வரிடம் பள்ளியின் தரவரிசையைக் கேட்டு நேரத்தை வீணாக்காமல், போன வருடக் கருத்துக்கணிப்பில் மாணவர்கள் சொன்ன எந்தப் பதிலால் இந்த வருடம் எதை மாற்றினீர்கள் என்று கேட்கலாம். சாப்பாட்டு நேரத்தை ஐந்து நிமிடம் நீட்டினோம், இரண்டாம் மாடிக் கழிப்பறைக்கு ஆள் போட்டோம் என்று உடனே பதில் வரும் பள்ளிகளும் இருக்கின்றன. அந்த அறிக்கை மாவட்ட அலுவலகத்தில் இருக்கும், அனுப்பச் சொல்கிறேன் என்று சொல்லும் பள்ளிகளும் இருக்கின்றன.